சென்ட்ரல் ஒட்டாகோவின் தங்க வேட்டை ஊர்கள்: எச்சங்களைத் தேடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், மலையைப் பார்க்கிறார்கள், பக்கத்து ஆரோடவுனில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சென்ட்ரல் ஒட்டாகோ என்ற வறண்ட மலைநாடு. 1860களின் தங்க வேட்டை விட்டுப்போன தடங்கள் அங்கே சாலையின் இரு பக்கமும் கிடக்கின்றன. பலர் அவற்றின் நடுவிலேயே நடந்துவிட்டு, "ஒன்றும் இல்லையே, வெறும் மண்மேடுதானே" என்று வருகிறார்கள்.

பழைய ஊர் என்றால் நம் கண் மதிலையும் மண்டபத்தையும் தேடும். தங்கம் தேடி வந்தவனுக்குக் கட்டடம் கட்ட நேரமும் இல்லை, மனமும் இல்லை. கித்தான் கூடாரம் அடித்தான், மண் தீர்ந்ததும் சுருட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போனான். அவன் விட்டுப்போனதில் பெரும்பகுதி தண்ணீர் ஓடிய தடமும் கழுவிக் கொட்டிய கல்லும்தான். ஆகவே பார்க்கும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் தண்ணீர், அப்புறம் கல், அப்புறம் வீடு, கடைசியில் குப்பை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

1. கிளம்பும் முன்: கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

1861 மே மாதம் காப்ரியல் ரீட் என்பவர் இன்றைய லாரன்ஸ் ஊருக்கு அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் தங்கம் கண்டார். கலிபோர்னியாவையும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவையும் ஏற்கெனவே பார்த்துவிட்டவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி வந்தார்கள். 1862 ஆகஸ்டில் ஹார்ட்லி, ரெய்லி என்ற இருவர் 87 பவுண்டு தங்கத்தை, அதாவது ஏறக்குறைய 40 கிலோவை, டனீடின் நகருக்குக் கொண்டுவந்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். குளூதா ஆறு குறுகி ஓடும் மலையிடுக்கில், குரோம்வெல் என்ற ஊருக்குக் கீழே அரித்தெடுத்தது அது. அதே ஆண்டு ஆரோ ஆற்றிலும் தங்கம் தெரிந்தது. முதலில் கண்டவர் ஆட்டுப்பண்ணையில் வேலை பார்த்த ஜாக் தேவா என்ற மாவோரிக்காரர். அங்கே எழுந்த ஆரோடவுனின் முதல் பெயர் மட்டும் பின்னால் வந்த வில்லியம் ஃபாக்ஸின் பெயரில் அமைந்தது.

ஆற்றங்கரையில் தட்டும், தொட்டில்போல ஆட்டிச் சலிக்கும் பெட்டியும் வைத்து அரிக்கக்கூடிய தங்கம் மூன்று நான்கு ஆண்டுகளில் தீர்ந்துபோனது. 1865 வாக்கில் அதே தீவின் மேற்குக் கடற்கரையில் புதுத் தங்கம் என்று செய்தி வந்ததும் ஒட்டாகோ காலியானது. தங்கியவர்கள் தண்ணீரைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து மேட்டு நிலத்தைக் கரைக்கத் தொடங்கினார்கள். அதற்கும் பின்னால் கம்பெனிகள் வந்தன: மலைப்பாறையை உடைத்து இடிக்கும் இயந்திரங்கள், ஆற்றில் மிதந்தபடி அடியை வாரும் தூர்வாரிக் கப்பல்கள். இந்த மூன்று காலமும் மூன்று விதமான தடத்தை விட்டிருக்கின்றன. பல இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். எது எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்தால் எது முந்தையது என்று தெரிந்துவிடும். முழுத் தொல்லியலுக்கும் அடிப்படை விதி இதுதான், இங்கே அதைத் திறந்தவெளியில் வெறுங்கண்ணால் பயன்படுத்தலாம்.

2. வீட்டில் உட்கார்ந்தபடியே பாதி வேலை

நியூசிலாந்து இந்த விஷயத்தில் தாராளமான நாடு. பழைய செய்தித்தாள்களை அந்நாட்டு தேசிய நூலகம் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' என்ற தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 'குரோம்வெல் ஆர்கஸ்', 'லேக் வாகாடிப் மெயில்', 'துவபேகா டைம்ஸ்' ஆகிய மூன்றில் நீங்கள் போகப்போகும் ஓடையின் பெயரைத் தேடுங்கள். தண்ணீர்த் தகராறு, திவால் அறிவிப்பு, ஹோட்டல் விளம்பரம், வெள்ளச் சேதம் எல்லாம் வந்து விழும். வழக்குச் செய்திகளைத் தவறவிடாதீர்கள். யாருடைய வாய்க்கால் யாருடையதற்கு மேலே ஓடியது என்பதைச் சண்டை போட்டவர்களைப் போல விவரமாக வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, வான்வழிப் படங்கள். 'ரெட்ரோலென்ஸ்' தளத்தில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டங்கள் வருவதற்கு முன் அந்த நிலம் எப்படி இருந்தது என்று அதில் பார்க்கலாம். லேசர் கொண்டு அளந்த நில உயரத் தரவையும் அரசு நில அளவைத் துறை வெளியிட்டுவருகிறது. புதருக்கு அடியிலிருக்கும் வாய்க்கால் அதில் கோடு போட்டதுபோலத் தெரியும். நியூசிலாந்து தொல்லியல் சங்கம் நடத்தும் 'ஆர்க்சைட்' பதிவேட்டில் அறியப்பட்ட இடங்களின் வரைபடமும் உண்டு.

இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, ஒரு தாளில் நீங்களே ஒரு கோட்டுப்படம் போட்டுக்கொள்ளுங்கள். போனில் சேமித்தால் போதுமே என்று தோன்றும். மலையிடுக்குகளில் சிக்னல் கிடைக்காது.

3. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

2014ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டப்படி, 1900க்கு முன் மனிதர் புழங்கிய தடயமுள்ள எந்த இடமும் தொல்லியல் இடம். பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை, பலகை வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அனுமதியில்லாமல் தோண்டுவதும் கலைப்பதும் குற்றம். "உடைந்த பாட்டில்தானே" என்று பையில் போட்டுக்கொள்வதும் அந்த இடத்தைக் கலைப்பதுதான். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைப் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் அனுமதியின்றி எடுத்துப் போகவே வேண்டாம்.

தங்கம் அரித்துப் பார்க்கும் ஆசை வந்தால் அதற்கென்றே பொது இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆரோ ஆற்றின் ஒரு பகுதி அதில் ஒன்று. தட்டு, மண்வெட்டி போன்ற கைக்கருவிகள் மட்டும்தான், மோட்டார் கூடாது. இரண்டு மூன்று மினுக்கு கிடைத்தாலே பெரிது.

தனியார் நிலத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். பேனக்பர்ன் பகுதி இன்று விலையுயர்ந்த திராட்சை நிலம், வேலி தாண்டுவதை யாரும் விரும்பமாட்டார்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போவது அந்த ஊர் மரியாதை.

4. தண்ணீர் வந்த வழியைப் பிடியுங்கள்

தொடங்குவதற்கு ஏற்ற இடம் குரோம்வெல்லுக்குத் தெற்கே உள்ள பேனக்பர்ன் சுரங்க நிலம். என்னைக் கேட்டால் ஒட்டாகோவில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன், ஆரோடவுனை அல்ல. நடைபாதை மூன்று நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் அரை நாளை ஒதுக்குங்கள்.

சென்ட்ரல் ஒட்டாகோவில் மழை மிகக் குறைவு. அலெக்சாண்ட்ரா என்ற ஊர்ப் பக்கம் ஆண்டு முழுவதும் சேர்ந்தே 350 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்யும். தங்கம் கலந்த சரளையோ ஆற்றுக்கு மேலே, பழைய படுகை மேடுகளில் இருந்தது. ஆகவே மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஓடைகளிலிருந்து பல கிலோமீட்டர் தூரம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை மேட்டின் தலைக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீரை 'ஹெட்' என்ற அளவில் விற்றார்கள், ஒரு ஹெட் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். தங்கம் தேடியவனைவிடத் தண்ணீர் விற்றவன் நிம்மதியாகச் சம்பாதித்த ஊர்கள் உண்டு.

மலைச்சரிவை எதிரிலிருந்து பாருங்கள். சரிவை ஒட்டி, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய் வெளியே வரும் ஒரு மெல்லிய கோடு தெரியும். கிட்டத்தட்ட மட்டமாக, கொஞ்சமே வாட்டம் விட்டு ஓடும். கீழ்ப்பக்கம் வெட்டிய மண்ணைக் கொட்டிய சிறு கரை இருக்கும். ஆட்டுத்தடத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆட்டுத்தடம் ஒன்றல்ல, பின்னிப் பின்னிப் பல ஓடும், ஏறும், இறங்கும். வண்டிப்பாதையாக இருந்தால் மடிப்புகளைச் சுருக்கிக் குறுக்கே போகப் பார்க்கும். வாய்க்காலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

பள்ளத்தைக் கடக்குமிடத்தில் கோடு திடீரென்று அறுந்து, எதிர்க்கரையில் அதே உயரத்தில் மறுபடி தொடங்கினால் அங்கே மரத்தொட்டிப் பாலம் இருந்திருக்கிறது. இரண்டு கரையிலும் கல் அடுக்கிய தாங்கலைத் தேடுங்கள். பிறகு கோட்டைக் கீழ்முகமாகப் பின்தொடர்ந்தால் ஒரு சிறு அணையில் கொண்டுவிடும், நடுவில் வாய் பிளந்த மண் கரையாகவோ கல் கட்டியதாகவோ. இரவெல்லாம் தேக்கிப் பகலில் திறந்துவிடுவதற்கு. இரண்டு கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடினால் இரண்டு உரிமைக்காரர்கள். முதலில் பதிவு செய்தவனுக்கே முதல் தண்ணீர் என்பது விதி, ஓடை வற்றும் மாதங்களில் பின்னால் வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தங்கம் போன பின்னும் பல வாய்க்கால்கள் தோட்டப் பாசனத்துக்குப் போயின. சுரங்கக் காலத்தில் வழங்கிய அந்தத் தண்ணீர் உரிமைகள் சட்டப்படி முடிவுக்கு வந்தது எப்போது தெரியுமா? 2021 அக்டோபர் 1. அதுவரை 19ஆம் நூற்றாண்டுச் சுரங்க உரிமையின் பேரில் பழத்தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஆகவே நீங்கள் பின்தொடரும் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் 'இது பழையதல்ல' என்று தள்ளிவிடாதீர்கள்.

5. கழுவிக் கொட்டிய கல்லைப் படியுங்கள்

வாய்க்கால் முடியுமிடத்தில் வேலை நடந்த இடம் தொடங்குகிறது. பேனக்பர்னில் அது செங்குத்தான மண்சுவர்களாகவும் தனித்து நிற்கும் மண்தூண்களாகவும் தெரியும். அந்தத் தூண்களின் தலைதான் பழைய தரைமட்டம். தலையிலிருந்து இப்போது நீங்கள் நிற்கும் தரை வரை எல்லாமே தண்ணீரால் கரைத்து ஓட்டப்பட்டது.

முறை எளிது. மேட்டின் விளிம்பில் தண்ணீரை விழவிட்டு மண்ணைக் கரைப்பார்கள். சேறும் சரளையும் ஒரு நீள வாய்க்காலில் ஓடும், எடை மிகுந்த தங்கம் அதன் அடியில் பதித்த தடுப்புகளில் தங்கும். பெரிய கற்கள் வாய்க்காலை அடைத்துவிடும் என்பதால் கையால் பொறுக்கிப் பக்கத்தில் அடுக்குவார்கள். ஒரு பட்டை முடிந்ததும் வாய்க்காலைக் கொஞ்சம் நகர்த்துவார்கள், அடுத்த அடுக்கு பழைய வாய்க்காலின் மேல் ஏறும். இப்படியே போனால் கல்வரிசைகள் ஒரு நடுத்தண்டிலிருந்து இருபுறமும் மீன்முள்போலப் பிரிந்து நிற்கும். குரோம்வெல்லுக்கு வடக்கே குவார்ட்ஸ் ரீஃப் பாயின்ட் என்ற இடத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே செய்ய வேண்டியது ஒன்று: மேட்டில் நின்று, கல் அடைக்காமல் திறந்து கிடக்கும் கடைசி வாய்க்காலைக் கண்டுபிடியுங்கள். வேலை நின்றது அங்கேதான். அதிலிருந்து பின்னோக்கிப் போனால் எந்த வரிசை எதற்கு முந்தையது என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

கல் அடுக்கியிருக்கும் ஒழுங்கு வியக்கவைக்கும். சிலர் அதை வைத்தே 'இது சீனர் வேலை, இது ஐரோப்பியர் வேலை' என்று சொல்லிவிடுவார்கள். நம்பாதீர்கள். கல்வரிசை ஒழுங்காக இருப்பதற்குக் காரணம் இடநெருக்கடி. வாய்க்காலில் சரிந்து விழாமல் நிற்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் ஒழுங்காகத்தான் அடுக்குவார்கள்.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடையோரத்தில் குழியும் அதன் பக்கத்தில் சிறு கூம்புக் குவியலும் இருந்தால் கையால் தோண்டிய ஆரம்ப காலம். அரைவட்டமாகக் குடைந்த பெரிய செங்குத்து முகம், கீழே கல்லில்லாத விரிந்த தரை என்றால் குழாயில் அழுத்தம் ஏற்றித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்த காலம். செயின்ட் பாதன்ஸ் என்ற சிற்றூரில் ஏறக்குறைய 120 மீட்டர் உயர மலை ஒன்றை இப்படியே கரைத்து, அப்புறம் நீரழுத்தத்தாலேயே சரளையைக் குழாயில் மேலே தூக்கி, 1934இல் நிறுத்தும்போது ஓர் ஆழமான பள்ளமாக்கிவிட்டார்கள். இன்று அது நீல ஏரி, பிக்னிக் போகிறார்கள். அலெக்சாண்ட்ராவுக்கு அருகே ஏர்ன்ஸ்கிளா பகுதியில் அலையலையாகக் கிடக்கும் கூழாங்கல் மேடுகள் தூர்வாரிக் கப்பல்கள் கொட்டியவை. அந்தத் தொழில் 1880களின் இறுதியில் சூடுபிடித்ததற்கு டனீடினில் கடை வைத்திருந்த சீன வணிகர் சோய் சியூ ஹோய் ஷாட்டோவர் ஆற்றில் இறக்கிய தூர்வாரி முக்கியக் காரணம்.

6. வீடு: தேட வேண்டியது அடுப்பை

மரமே இல்லாத நாடு அது. கித்தான், சுடாத செங்கல், அடுக்கடுக்காகப் பிளக்கும் பாறைக்கல், இவைதான் கட்டுமானப் பொருள். கூரை போய்விடும், மண்சுவர் கரைந்துவிடும். அடுப்பும் புகைபோக்கியின் அடிக்கல்லும் மட்டும் நிற்கும். ஆகவே சரிவில் வெட்டிச் சமன்படுத்திய சிறு திட்டையும், அதன் ஓர் ஓரத்தில் சூட்டில் சிவந்த கற்குவியலையும் தேடுங்கள். பெரும்பாலானவை ஒரே அறை, இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும்.

கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளையும் விடாதீர்கள். அடியில் முன்பக்கம் மட்டும் கல் அடுக்கி மறைத்து, உள்ளே வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள்.

செடிகளும் உதவும். யாரும் இல்லாத சரிவில் ஒரு நெல்லிவகைப் புதர், ஒரு பழைய ரோஜா, ஒரு வாதுமைப்பழ மரம் நின்றால் அங்கே ஒரு வாசல் இருந்திருக்கும். பேனக்பர்ன் பாதையிலேயே ஸ்டூவர்ட் டவுன் என்ற இடத்தில் இடிந்த மண்வீட்டைச் சுற்றி அப்படிப் பழமரங்கள் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் உரிமை வைத்திருந்த ஸ்டூவர்ட், மென்சீஸ் இருவரின் வீடு அது. வாய்க்காலும் அணையும் பக்கத்திலேயே இருப்பதைப் பாருங்கள், முதலாளி தன் தண்ணீரைக் கண்பார்வையில் வைத்திருந்திருக்கிறார். தைம் செடியை மட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இப்போது மலை முழுவதும் பரவிவிட்டது.

7. குப்பையும் காலக் கணக்கும்

வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் குப்பை தூரத்தில் இருக்காது. வாசலில் நின்று சரிவில் வீசினால் விழும் தூரத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள கைவிட்ட குழியைப் பாருங்கள். எடுக்காமல், புரட்டாமல், மேலே கிடப்பதை வைத்தே காலம் சொல்லப் பழகலாம்.

கண்ணாடி பாட்டிலில் தொடங்கலாம். கழுத்து முடியும் இடத்தில் அச்சுக்கோடு நின்றுவிட்டு, வாய் மட்டும் தனியாகச் சுற்றி ஒட்டியதுபோல இருந்தால் கையால் ஊதியது. கோடு வாய் வரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது, 20ஆம் நூற்றாண்டுப் பொருள். நெளிநெளித் தகர மூடி போடும் வாய் என்றால் 1892க்கு முன் இருக்க முடியாது, காப்புரிமை அந்த ஆண்டில்தான். கழுத்தில் இரண்டு பக்கமும் அழுத்திவிட்ட தடித்த பச்சைக் கண்ணாடித் துண்டு கிடந்தால் தமிழ் வாசகருக்கு விளக்கமே வேண்டாம், அது கோலி சோடா பாட்டில். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம். ஆகவே 1862ஆம் ஆண்டு முகாமின் குப்பையில் அது கிடந்தால் பிறகு யாரோ அங்கே வந்து போயிருக்கிறார்கள்.

தகர டப்பாவின் மூடியில் ஈயப்பற்று வைத்து அடைத்த சிறு பொட்டு இருந்தால் பழையது. விளிம்பை மடித்து இறுக்கிய டப்பா 1900களுக்குப் பின். சதுரத்தண்டு ஆணி முந்தையது, உருண்டைக் கம்பி ஆணி பிந்தையது. பீங்கானின் அடியில் 'இங்கிலாந்து' என்ற நாட்டுப் பெயர் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பின், அமெரிக்க இறக்குமதிச் சட்டம் ஒன்று அந்த வழக்கத்தை உண்டாக்கியது.

இரண்டு எச்சரிக்கை. ஒரு குவியலின் காலத்தைச் சொல்வது அதிலுள்ள கடைசிப் பொருள்தான், பழைய பொருள் அல்ல. அடுத்தது, பாட்டில் கிடைப்பது அரிதான ஊரில் ஒரே பாட்டிலை மறுபடி மறுபடி நிரப்பினார்கள். பீர் பாட்டில் கிடப்பதால் அங்கே பீர்தான் குடித்தார்கள் என்று சொல்ல முடியாது.

8. சீனர் குடியிருப்புகளுக்கு ஒரு தனி நாள்

வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்கள் மேற்குக் கரைக்கு ஓடிய பின், 1865இன் இறுதியில், டனீடின் வணிகர்கள் விக்டோரியாவிலிருந்த சீனரை அழைத்தார்கள். பெரும்பாலும் குவாங்டோங் மாகாணத்து விவசாயிகள், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஆண்கள். 1881இல் நியூசிலாந்தில் ஏறக்குறைய 5,000 சீனர் இருந்தார்கள். அழைத்த நாடே அந்த ஆண்டு புதிதாக வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி போட்டது, 1896இல் அதை 100 பவுண்டாக ஏற்றியது. அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது 2002இல்.

ஆரோடவுனின் மேற்கு ஓரத்தில் புஷ் ஓடைக்கரையில் இருக்கும் குடியிருப்பைத் தொல்லியலாளர் நெவில் ரிச்சி 1983இல் அகழ்ந்தார். இன்று அங்கே நிற்கும் சிறு குடிசைகளில் பல அதன் பின் சீர்செய்தவை. பலகையைப் படித்து, எது பழைய சுவர், எது திரும்பக் கட்டியது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அ லம் என்பவர் நடத்திய கடைதான் அங்கே முழுமையாக மிஞ்சிய கட்டடம், 1880களில் கட்டியது. அவர் 1925இல் இறக்கும் வரை அது கடையாகவும் வங்கியாகவும் கடிதம் எழுதித்தரும் இடமாகவும் தங்குமிடமாகவும் இருந்தது. 1901இல் தடை வரும் வரை அபின் விற்பது அந்நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம். 'அபின் குகை' என்ற பழைய பரபரப்புக் கதையோடு அந்தக் கடைக்குள் நுழைந்தால் மற்ற எல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.

சீனர் இருந்த இடத்தைக் காட்டுவது சுவரல்ல, பொருள்கள்: சோயா ஊற்றிவந்த பழுப்பு மெருகு ஜாடி, ஊறுகாயும் இஞ்சியும் வந்த ஜாடிகள், மூங்கில் கோலம் போட்ட நீல அரிசிக் கிண்ணம், வெளிர்பச்சைக் கிண்ணம், விரலளவு மருந்துக் குப்பி, அபின் தகடு, நடுவில் சதுர ஓட்டையுள்ள காசு. அந்தக் காசு அங்கே செல்லாது, சூதாட்டக் காயாகப் பயன்பட்டது. இவற்றோடு ஐரோப்பிய பாட்டில்களும் கத்திகளும் பூட்ஸும் இறைச்சி எலும்புகளும் கலந்தே கிடைத்தன. ஊருக்கு ஒதுக்குப்புறமாக வாழவைக்கப்பட்டவர்கள் ஊர்க் கடையிலும் வாங்கியிருக்கிறார்கள், ஊருக்குக் காய்கறி விற்றும் இருக்கிறார்கள். கண்டெடுத்தவற்றைப் பார்க்க அதே தெருவிலுள்ள லேக்ஸ் டிஸ்ட்ரிக்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். குடியிருப்பை முதலில் பார்த்துவிட்டு அருங்காட்சியகம் போவதுதான் நல்ல வரிசை.

லாரன்ஸ் ஊருக்கு வெளியே இன்னொன்று இருக்கிறது. நகர எல்லைக்குள் சீனர் குடியிருக்கக்கூடாது என்று தடுத்ததால் 1867இல் எல்லைக்கு வெளியே உருவான முகாம். சதுப்பு நிலம் என்பதால் தோலும் மரமும்கூட மண்ணுக்குள் நன்றாக இருக்கக்கூடிய இடம். அகழாய்வுகள் நடந்திருக்கின்றன. மேலே தெரிவது ஹோட்டல் கட்டடம் உட்படக் கொஞ்சம்தான்.

குரோம்வெல்லின் சீனத்தெருவை இனிப் பார்க்க முடியாது. கிளைடு அணைக்காகப் பள்ளத்தாக்கு மூழ்கப்போகிறது என்றதும் 1977இலிருந்து பத்து ஆண்டுகள் ரிச்சியும் குழுவும் குடிசை குடிசையாக, பாறைக்குகை குகையாகப் பதிந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் டன்ஸ்டன் ஏரி நிரம்பியது. தென் நியூசிலாந்துச் சீனர் வாழ்க்கை பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி அந்த அவசரப் பதிவிலிருந்து வந்ததுதான்.

ஊர்க் கல்லறைகளுக்கும் போங்கள். சீனர் பகுதியில் கல் குறைவாகவும் பள்ளங்கள் சிலவும் இருக்கும். இறந்தவரின் எலும்பு சொந்த ஊர் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், ஆகவே தோண்டி எடுத்து அனுப்பினார்கள். 1902இல் 499 பேரின் எச்சங்களோடு கிளம்பிய வென்ட்னார் கப்பல் வடதீவின் ஹோகியாங்கா கரைக்கு அப்பால் மூழ்கியது. தூர்வாரி இறக்கினார் என்று மேலே சொன்ன சோய் சியூ ஹோயின் உடலும் அதில் இருந்தது. கரை ஒதுங்கிய எலும்புகளை அங்கிருந்த மாவோரி மக்கள் எடுத்து அடக்கம் செய்தார்கள்.

9. பெண்டிகோ: அழகும் ஆபத்தும்

குரோம்வெல்லுக்கு வடகிழக்கே மலைமேல் பெண்டிகோ. இங்கே தங்கம் சரளையில் இல்லை, வெள்ளைப் படிகக்கல் நரம்பில் இருந்தது. பாறையை வெட்டி, இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி இறங்கும் இடிகூடத்தில் பொடித்து, பாதரசத்தில் தங்கத்தைப் பிடித்தார்கள். வெல்ஷ்டவுன், லோகன்டவுன் என்ற இரண்டு ஊர்களின் கல்வீட்டு மிச்சங்களும் 'கம் இன் டைம்' இடிகூடமும் நடந்து பார்க்கும் தூரத்தில் உள்ளன. வீட்டுச் சுவர்கள் மற்ற இடங்களைவிடக் கனமாக இருப்பதைக் கவனியுங்கள். கம்பெனி வேலைக்காரன் கூடாரத்தோடு அலையவில்லை, குடும்பத்தோடு தங்கினான்.

நடைபாதையை விட்டு ஓர் அடியும் வைக்காதீர்கள். நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான செங்குத்துச் சுரங்கங்கள் அங்கே உண்டு, புல் மூடிய வாய்களும் உண்டு. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். குகைச்சுரங்கத்துக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு சரி. இடிகூடத்தின் கீழே சாம்பல் நிறப் பொடிமண் கிடந்தால் கைபடாமல் விலகுங்கள், பாதரசம் கலந்திருக்கலாம்.

நம் நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கம் இதே எச்சரிக்கை இன்னும் பொருந்தும். 1880 வாக்கில் லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் தொடங்கப்பட்டு அங்கே தங்க வேட்டை நடந்தது. அதை ஆய்வு செய்ய வந்தவர் விக்டோரியாவில் சுரங்கத்துறை நடத்திய பிரௌ ஸ்மித். ஓரிரு ஆண்டில் எல்லாம் சரிந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குள் கிடக்கும் அந்தக் குகைகளுக்குள் தங்கம் தேடிப் போய் உயிரை விட்டவர்கள் நம் காலத்திலேயே உண்டு.

10. பதிவு செய்வதும் பயணத் திட்டமும்

படம் எடுக்கும்போது அளவுக்கு ஒரு பேனாவையோ தொப்பியையோ பக்கத்தில் வையுங்கள். முதலில் தூரத்திலிருந்து, அப்புறம் நெருங்கி, கடைசியில் அங்கிருந்து திரும்பித் தெரியும் காட்சி. அந்த மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாசலிலிருந்து எது தெரிந்தது என்பது வீட்டைப் பற்றி நிறையச் சொல்லும். தூரத்தைக் காலடியால் அளந்து கோட்டுப்படத்தில் எழுதுங்கள். வெயில் சாய்ந்திருக்கும் காலையும் மாலையும்தான் நேரம், உச்சிவெயிலில் வாய்க்கால் கோடுகள் மறைந்துவிடும்.

பதிவேட்டில் இல்லாத ஒன்றைக் கண்டால் இடக்குறியீட்டை சமூக ஊடகத்தில் போடாதீர்கள், பாட்டில் வேட்டைக்காரர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். படங்களோடு தொல்லியல் சங்கத்துக்கோ பாரம்பரிய அமைப்பான 'ஹெரிடேஜ் நியூசிலாந்து'க்கோ எழுதுங்கள்.

மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை நல்ல பருவம். அங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிழலே கிடையாது, ஜூன், ஜூலையில் உறைபனி. மூன்று நாள் இருந்தால் முதல் நாள் பேனக்பர்னும் குவார்ட்ஸ் ரீஃப் பாயின்ட்டும், இரண்டாம் நாள் ஆரோடவுன், மூன்றாம் நாள் பெண்டிகோ. பெண்டிகோவுக்கு ஏறும் சாலை செங்குத்தான மண்சாலை, மழை பெய்திருந்தால் வாடகைக் காரை அதில் ஏற்றாமல் கீழேயே விட்டு நடப்பது நல்லது. இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் ஏர்ன்ஸ்கிளா, செயின்ட் பாதன்ஸ், லாரன்ஸ் வழியாக டனீடின் வரை போய்விடலாம், அங்கே டோய்டு அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். முழுக்காலுறை, தடித்த அடியுள்ள ஷூ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். காட்டு ரோஜா முள் ஜீன்ஸையும் துளைக்கும்.